மூன்றாம் ஓலை

யோகராசா எங்கள் சபைக்கு வந்தது பெயிண்ட் அடிக்க. ‘தானே’ என்று பேர் வைத்த அந்தப் புயல் கோயில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன மறு வருஷம் அது. புதுக் கூரை போட்டாயிற்று, ஈஸ்டருக்கு முன்னால் சுவரையும் பார்த்துவிடலாம் என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். மந்தாரக்குப்பத்து மேஸ்திரி கூட்டி வந்த நாலு பேரில் இவர் ஒருவர். குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருக்கும் இலங்கை அகதி முகாமில் இருந்து வந்துபோனார். மற்ற மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டுக் குட்டித் தூக்கம் போட, இவர் மட்டும் சாரத்தில் நின்றபடி பாடிக்கொண்டிருந்தார். எங்கள் கீர்த்தனைதான், ராகம் மட்டும் வேறு.

என் வீட்டுக்காரர் தனகோட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் சபையில் செக்ரட்டரி, நெய்வேலிச் சுரங்கத்தில் ஃபோர்மன். இரண்டு இடத்திலும் ஒரே குரல். "கீழ எறங்கி வாய்யா, எந்த ஊரு?" என்றார். வவுனியாவில் பிறந்தவர், கல்யாணமான புதிதில் படகேறி வந்தவர், இரண்டு பெண்களும் முகாமிலேயே பிறந்தவர்கள் என்று அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்கு வந்தார்கள். யோகராசா, மனைவி தவமலர், பத்தொன்பது வயசுப் பெரியவள் நிரோஷினி, சின்னவள் கீர்த்தனா. ஆராதனை முடிந்ததும் எங்கள் குவார்ட்டர்ஸில் சாப்பாடு. அதுவே வழக்கமாகிவிட்டது.

எங்கள் மகன் கலைச்செல்வன் டொராண்டோவில் இருக்கிறான். அவன் போகும் தமிழ்ச் சபையில், ஒரு அகதிக் குடும்பத்தைக் கனடாவுக்கு அழைத்துக்கொள்வது என்று தீர்மானித்திருந்தார்கள். அந்த நாட்டில் அப்படி ஒரு வழி உண்டு. வீடு பார்த்துக் கொடுத்து, ஒரு வருஷத்துக்குச் சோறு துணியெல்லாம் சபையே பொறுப்பேற்றால், அரசாங்கம் விசாரித்து உள்ளே விடும். எந்தக் குடும்பம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இங்கிருந்து ஒரு சபை, இவர்கள் எங்களுக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள் என்று சொல்ல வேண்டும். தனகோட்டி யோகராசாவின் பெயரைச் சொன்னார். மனு போயிற்று. சென்னையில் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள், காத்திருங்கள் என்று பதில் வந்தது.

அதற்கப்புறம் எங்கள் சபைக்கு ஒரு மிடுக்கு வந்துவிட்டது. கனடாவுக்கு ஆள் அனுப்புகிற கோயில் என்று பக்கத்து பிளாக் சபைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வாராவாரம் ஜெபத்தில் யோகராசா குடும்பத்தின் பெயர் வந்தது. பெண்கள் ஐக்கியத்தில் குளிர் உடுப்பு சேர்த்தோம். இந்த நெய்வேலி வெயிலில் யார் வீட்டில் ஸ்வெட்டர் இருக்கும்? ஊட்டி டூருக்கு வாங்கின குரங்குக் குல்லா மட்டும் ஏழெட்டு வந்தது. தவமலர் அத்தனையையும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள். எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது. எனக்கும்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

இந்த நேரத்தில்தான் என் நாத்தனார் வள்ளியம்மாள் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து இறங்கினாள். என் வீட்டுக்காரருக்கு அக்கா. தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் எது சொன்னாலும் இவருக்கு வேதவாக்கு. அவளுக்கு ஒரே மகன், விஜயராஜ். எட்டு வருஷமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. இந்த ஊரில் மாப்பிள்ளைக்கு என்ன படிப்பு, என்ன குணம் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா என்றுதான் கேட்பார்கள். கான்ட்ராக்ட் என்றதும் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். விஜயராஜுக்கு முப்பது தாண்டிவிட்டது.

"அந்த சிலோன் பொண்ணு நல்லாத்தான இருக்குது," என்றாள் வள்ளியம்மாள். "நம்ம வூட்டுக்கு வந்தா இன்னா? கட்டி வச்சிட்டா இவனும் அதுங்ககூட அந்தாண்ட போயிருவான்ல?"

நான் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இவர் சிரிக்கவில்லை, யோசித்தார். முப்பத்து மூன்று வருஷம் கம்பெனியில் இருந்த மனிதர். அவருக்கு உலகத்தில் எல்லாமே கம்பெனி மாதிரிதான். "ஆமா, மெடிக்கல் புக்குல கல்யாணத்துக்கு அப்புறம் பொண்டாட்டி பேர சேக்கறதில்லையா? நான் ஒத்தையாத்தான் வேலைக்கி வந்தேன். ஹாஸ்டல்ல கெடந்தேன். கல்யாணம் ஆனப்புறந்தான் குவார்ட்டர்ஸ் குடுத்தான். கல்யாணம்னு ஆயிட்டா எந்த ஆபீசும் மரியாத குடுக்கும். மருமவன் பேர ஒரு வரி சேத்துட்டா வேல முடிஞ்சிது," என்றார். டவுன்ஷிப்பில் பாதிப் பேரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். இங்கே தாலி கட்டினவனுக்குத்தான் வீடு, பாத்ரூம், தோட்டம் எல்லாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் வைத்தே பெண் கேட்டுவிட்டார். யோகராசா சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்த கை அப்படியே நின்றது. மனைவியைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்தாள். நிரோஷினி அடுக்களையில் எனக்கு அப்பளம் பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா சொன்னால் சரிதான்," என்றார் யோகராசா.

நம் வீட்டுச் சோறு வாயில் இருக்கும்போது ஒரு மனிதனிடம் இதைக் கேட்கலாமா? எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் விஜயராஜ் நல்ல பையன். குடிக்கமாட்டான். சைக்கிளில் வந்து எங்கள் வீட்டுக் குழாயைச் சரிபண்ணிவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காமல் போகிறவன். விஷயம் தெரிந்ததும், "அந்தப் பொண்ணுக்கு சம்மதமா மாமா?" என்று கேட்டான். "அவங்கப்பனே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா?" என்றார் இவர். அவன் தலையாட்டினான். பொருத்தமான ஜோடிதானே, எல்லாருமாகச் சேர்ந்து போகட்டும் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சபைக்கு முன் சொல்லலாம் என்று போதகர் அறிவிப்பார். ஒரு நிமிஷம் அமைதி. யாராவது இருமுவார்கள். அப்புறம் பாட்டு நம்பர் சொல்லிவிடுவார். எனக்குத் தெரிந்து அந்த ஒரு நிமிஷத்தில் எங்கள் கோயிலில் யாரும் வாயைத் திறந்ததில்லை. முதல் ஓலை அப்படித்தான் போயிற்று. இரண்டாம் ஓலையன்று பெண்பிள்ளைகள் நிரோஷினியை இடித்துக் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை காலையில் கலைச்செல்வன் போன் செய்தான். அவனிடம் இவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்று இருந்துவிட்டார். நான்தான் சந்தோஷமாக வாயைத் திறந்தேன்.

"அம்மா, யார் இந்த வேலைய பண்ணச் சொன்னது?" என்றான். "கல்யாணம் ஆன பொண்ணு அப்பா அம்மா ஃபைல்ல வரவே முடியாது. இருபத்திரண்டு வயசுக்குள்ள, கல்யாணம் ஆகாம இருந்தாத்தான் பிள்ளைன்னு கணக்கு. தாலி கட்டின அன்னிக்கே அவ பேர எடுத்துடுவாங்க. மாப்பிள்ளை போறது இருக்கட்டும், அவளே போக முடியாது."

"அப்புறமா கூப்பிட்டுக்கலாமே?"

"அது வேற மனு, வேற வரிசை. எங்க சபை ஒரு குடும்பத்துக்கே திண்டாடுது. மறைச்சுடலாம்னு மட்டும் அப்பா ஆரம்பிக்கவேண்டாம். தெரிஞ்சா நாலு பேருக்கும் போச்சு. இன்னும் கல்யாணம் ஆகலதானே? நிறுத்துங்க. ஒரு வருஷம் தள்ளி வைங்க. அவ்வளவுதான்."

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து இவர் வரும் வரைக்கும் எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. வந்து ஷூவைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"அவனுக்கு இன்னா தெரியும்? கம்ப்யூட்டர தட்டிகினு இருக்கறவன்," என்றார். "ரூலுன்னா ஆபீசுக்குள்ள போற வரைக்குந்தான் ரூலு. உள்ள ஒரு மனுசன் ஒக்காந்திருப்பான். அவன்கிட்ட எடுத்துச் சொன்னா கேப்பான்."

"அவன் கேக்கலன்னா? அந்தப் பொண்ணு தனியா இங்க கெடக்கும். அப்பன், ஆத்தா, தங்கச்சி எல்லாம் அங்க."

"தனியா எங்க கெடக்கும்? எங்கக்கா வூட்டுல இருக்கும். நல்லா பாத்துக்கும்." சாக்ஸைச் சுருட்டி எறிந்தார். "ரெண்டு ஓல படிச்சாச்சி. எங்கக்கா வடக்குத்து பூரா பத்திரிக வச்சாச்சி. அந்தப் பையனுக்கு எத்தன எடம் தட்டிப் போச்சின்னு தெரியுமில்ல உனக்கு? இதுவும் நின்னா அவ உசுர வச்சிகினு இருக்கமாட்டா."

அதில் பொய் இல்லை. வள்ளியம்மாள் அப்படிப்பட்டவள்தான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் பஸ் பிடித்து முகாமுக்குப் போனேன். அதுவரைக்கும் அங்கே நான் போனதே இல்லை. அவர்கள்தான் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒற்றை அறை. பாதியில் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தது. நாங்கள் கொடுத்த ஸ்வெட்டர்களைப் பாலிதீன் பையில் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். யோகராசா வேலைக்குப் போயிருந்தார். நிரோஷினி டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். பெரியவர்கள் பேசுகிறோம் என்று தெரிந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

நான் சொல்லி முடித்தேன். தவமலர் அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"எங்களுக்கு இந்தக் கலியாணத்தில முதலே விருப்பமில்லை அக்கா," என்றாள். "பெடியன் நல்லவர்தான். ஆனா எல்லாரும் ஒண்டாப் போயிடலாம் எண்டுதானே இருந்தனாங்கள். இங்க இவ்வளவு காலமும் அகதிப் பதிவுக்கு முகாம் ஆபீசரிட்டக் கையெழுத்து வைக்கப் போறதெண்டாலும் நாலு பேரும் ஒண்டாத்தான் போறது."

"அப்ப வேணாம்னு சொல்லிடுங்க. இன்னும் நாள் இருக்கு."

"எங்களால ஏலாது. ஐயாதான் எங்களைத் தெரிஞ்செடுத்தவர். அவர் வேண்டாமெண்டு ஒரு வசனம் எழுதினா எல்லாம் முடிஞ்சுது. சின்னவளுக்கும் முடிஞ்சுது. நீங்கள் சொல்லுங்கோ அக்கா. நீங்கள் சபையில சொன்னா, நாங்கள் மறுத்ததா இருக்காது. பிள்ளையளின்ர அப்பா பயந்த மனுசன்."

சொல்கிறேன் என்று அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். வெளியே வந்தபோது குழாயடியில் நிரோஷினி குடத்தோடு நின்றாள். "வரேன்மா, கவலப்படாத, ஆன்ட்டி பாத்துக்கறேன்," என்றேன். அவள் என்னவோ சொல்ல வந்தாள். பஸ் வந்துவிட்டது.

நான் வீடு வந்து சேர்ந்தபோது இவர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டார். யார் என்று கேட்டேன். மேஸ்திரி என்றார்.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. வள்ளியம்மாள் பட்டுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பக்கத்தில் நான் நடுவில் இருந்தேன். எனக்குப் பின்னால் இளவட்டப் பெண்களோடு நிரோஷினி. போதகர் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, சின்ன வயசு. மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

எழுந்துவிட்டேன்.

"பாஸ்டர், நான் ஒண்ணு சொல்லணும்."

அத்தனை தலையும் திரும்பியது. கலைச்செல்வன் சொன்னதை அப்படியே சொன்னேன். இந்தக் கல்யாணம் நடந்தால் அந்தப் பெண் தன் குடும்பத்தோடு போக முடியாது, ஒரு வருஷம் தள்ளி வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, விஜயராஜை நான் குறை சொல்லவில்லை என்றேன்.

"பார்வதி, ஒக்காரு," என்றார் இவர் முன்னாலிருந்து. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் உட்காரவில்லை.

போதகர் திணறினார். "அம்மா, தடைன்னா... ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்க, முறை இல்லாதவங்க, அப்படித்தான். இது..." என்று இழுத்தார். வள்ளியம்மாள் சத்தமில்லாமல் அழத் தொடங்கியிருந்தாள். விஜயராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போதகர் பாவம், நியாயமாக நடக்கவேண்டும் என்று நினைத்தார். ஆண்கள் பக்கம் திரும்பி, "பெண்ணோட தகப்பனார் சொல்லட்டும். ஐயா, உங்களுக்குத் தடை ஏதும் உண்டா?" என்றார்.

யோகராசா எழுந்தார். சலவைச் சட்டை, நகக்கண்ணில் பெயிண்ட். போதகரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் என் வீட்டுக்காரருடைய பிடரியைப் பார்த்தார். நேற்று போனில் பேசினது மேஸ்திரியோடு இல்லை என்று அந்தப் பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"தடை ஒண்டும் இல்லை ஐயா," என்றார். "அக்காவுக்கு ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம். கலியாணம் நடக்கட்டும்."

தவமலரைப் பார்த்தேன். அவள் விரித்த பாட்டுப் புத்தகத்தில் முகத்தைக் கவிழ்த்திருந்தாள். என்னைச் சொல்லச் சொன்னவள் அவள்தான். நாலு பேரில் மூன்று பேரையாவது கரையேற்றிவிடலாம் என்று அந்த மனிதர் ஒரு ராத்திரியில் முடிவு செய்திருக்கிறார். அது புரிந்தது. புரிந்தாலும் கோபம் போகவில்லை. அவர் மேலும் கோபம், என் வீட்டுக்காரர் மேலும் கோபம், இத்தனை பேருக்கு முன்னால் பைத்தியக்காரி மாதிரி நிற்கிற என் மேலும் கோபம். உட்கார்ந்தேன். போதகர் பாட்டு நம்பர் சொன்னார். எல்லாரும் எழுந்து பாடினார்கள்.

கல்யாணம் நடந்தது. பிரியாணி நன்றாக இருந்தது என்றார்கள். சென்னை நேர்காணலில் யோகராசா உள்ளதைச் சொன்னார், பெரியவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று. அவர்கள் நிரோஷினியின் பெயரை எடுத்துவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த மனுஷன் ஒரு பெண்மணி. எடுத்துச் சொல்லக் கூடப் போன என் வீட்டுக்காரரால் வாசல் வரைக்கும்தான் போக முடிந்தது. அதற்கப்புறம் இவர் கனடா பேச்சை எடுப்பதில்லை. கேட்டால், "அடுத்த வருசம் கூப்பிட்டுக்கலாம்," என்பார். என்னிடம் சொல்கிறாரா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாரா தெரியாது.

மறு வருஷம் மூன்று பேருக்கு விசா வந்தது. கோயில் வாசலிலிருந்து வேன். ஜெபம் பண்ணிப் பாட்டுப் பாடி அனுப்பினோம். தவமலர் பெரிய மகளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. கீர்த்தனாதான் தாயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். யோகராசா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் கதவுக் கண்ணாடியை இறக்கவில்லை. வேன் வளைவு திரும்பியதும் சபையார் கலைந்து போனார்கள்.

நிரோஷினி நின்றுகொண்டிருந்தாள். வடக்குத்துக்கு வாழப் போனாலும் முகாம் பதிவில் அவள் பெயர் அப்படியே இருந்தது. விஜயராஜ் வண்டியை எடுக்கப் போயிருந்தான். அவன் அவளை நன்றாகத்தான் வைத்திருந்தான், அதையும் சொல்லவேண்டும். நான் போய் அவள் தோளைத் தொட்டேன். நான் ஒருத்தியாவது அவளுக்காகப் பேசினேன் என்பது அவளுக்கு நினைவிருக்கவேண்டும் என்று எனக்கு இருந்தது. ஏன் மறைக்கவேண்டும்?

"உங்கப்பா மேல வருத்தம் வச்சுக்காதம்மா," என்றேன். "அன்னிக்கு என்னால முடிஞ்சத நான் சொல்லிப் பாத்தேன்."

"தெரியும் ஆன்ட்டி. நீங்க எந்திரிச்சீங்க. பாஸ்டரு அப்பாவ கேட்டாரு." எங்கள் ஊர்ப் பேச்சுதான் அவளுக்கு. அம்மாவின் பேச்சு அவளுக்கு வராது. "அடுத்து என்னிய கேப்பாருன்னு நெனச்சிகினு நானும் எந்திரிச்சேன். உங்களுக்கு ரெண்டு வரிச பின்னாடிதான் நின்னேன். யாரும் திரும்பல. அப்புறம் பாட்டு வந்திருச்சி, எல்லாருமே எந்திரிச்சிட்டாங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கோயிலிலும் பார்க்கவில்லை, முகாமில் டீ கொடுத்தபோதும் பார்க்கவில்லை, குழாயடியில் அவள் வாயெடுத்தபோது பஸ்ஸைத்தான் பார்த்தேன்.

"கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்ப?"

விஜயராஜ் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் சேலையை ஒதுக்கிப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"முகாமுக்குப் போவணும் ஆன்ட்டி. இன்னிக்கி கையெழுத்து நாளு," என்றாள்.